ராஜாவின் துணி

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு வந்து போவதையே ஒரு தர்ம காரியமாக நினைக்கிற ஆள் பஞ்சாபகேசன். தையல்காரன் தளவாய்க்கு அவரைக் கண்டாலே உள்ளுக்குள் எரியும். ஆனால் அவருடைய ஆபீஸ் பியூன்களுக்கு நாற்பது யூனிஃபாரம் தைக்கும் வேலை அவர் வழியாகத்தான் வர வேண்டும். மழைக்காலத்தைத் தாண்ட அதைத்தான் நம்பியிருந்தான்.

அறுபத்து நாலாம் வருஷம் ஒரு நாள் அவர் தமக்குப் பேண்ட் தைக்கக் கார்டுராய் துணியைக் கொண்டுவந்து மிஷின்மேல் போட்டார். கோடு கோடாகப் புடைத்த பழுப்புத் துணி. துணியை விரிப்பதற்கு முன் அதன் பேரை விரித்தார். பிரெஞ்சுப் பேராம், ராஜாவின் கயிறு என்று அர்த்தமாம், அரண்மனை ஆட்கள் உடுத்தியதாம். பிரான்சில் அதற்கு அப்படி ஒரு பேரே கிடையாது. இங்கிலீஷ்காரன் சரக்கு விற்பதற்காக ராஜாவை இழுத்துவிட்டான். இங்கிலாந்தில் வயலிலும் ஆலையிலும் உழைத்தவன் போட்ட துணி அது. பேரின் பின்பாதி ‘டுராய்’ என்ற முரட்டுக் கம்பளியிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். இதெல்லாம் தளவாய்க்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது வேறு. அந்தத் துணியை மேலிருந்து தடவினால் ஒரு நிறம், கீழிருந்து தடவினால் இன்னொரு நிறம். இரண்டு காலையும் ஒரே திசையில்தான் வெட்ட வேண்டும்.

பஞ்சாபகேசனுக்கோ அதே துணியில் ஒரு வெயிஸ்ட் கோட்டும் வேண்டியிருந்தது. ஒரு காலைத் தலைகீழாகப் போட்டு வெட்டினால் மிஞ்சும் என்று கணக்குச் சொன்னார். தளவாய் வாயைத் திறந்தான்.

“பேருக்கு அர்த்தம் தெரியாதவன் நேக்கு வெட்டச் சொல்லித் தரியா?” என்றார்.

ஒரு தடவு தடவிக் காட்டியிருந்தால் புரிந்திருக்கும். தளவாய் காட்டவில்லை. ராஜா படட்டும் என்று சொன்னபடியே வெட்டினான். கடையின் மங்கல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆபீஸ் விருந்தில், விளக்குக்கு நேரே, ஒரு கால் வெளுப்பாகவும் ஒரு கால் கறுப்பாகவும் நின்றார் பஞ்சாபகேசன். சிரிக்காத ஆள் இல்லை. மறுநாளே மேலதிகாரி சங்கரநாராயணனைக் கூட்டிக்கொண்டு தாராவிக்கு வந்துவிட்டார். தப்பு தன்னுடையது இல்லை என்று அவருக்குக் காட்டியாக வேண்டுமே. தளவாயின் காதருகே குனிந்து, துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு, நாற்பது யூனிஃபாரமும் உனக்குத்தான் என்றார்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி முப்பிடாதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தளவாய்க்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னான்.

“தெரியாது சார். இந்தத் துணிய நா வெட்டுனதே இல்ல.”

உண்மையைச் சொன்னதற்காகச் சங்கரநாராயணன் அவனை மெச்சினார். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, துணி தெரியாதவனிடம் நாற்பது உருப்படியை எப்படிக் கொடுப்பது, மாஹிமில் ஒரு நல்ல டெய்லர் இருக்கிறான் என்றார். பஞ்சாபகேசன் ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையாட்டினார்.

“தெரியும்னு ஓடிப்போய்ச் சொல்லுங்களேன்,” என்றாள் முப்பிடாதியம்மாள்.

தளவாய் எழுந்திருக்கவில்லை.

“இனிமே எவன் நம்புவான்?” என்றான்.