குழலுக்குள் வெள்ளை மூடி

மாசி 11, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தப்புச் செய்தேன், துப்பாக்கிக் குழலின் முனையில் நிற்கும் முன்குறியை இடது பக்கம் தட்டுவதற்குப் பதிலாக வலது பக்கம் தட்டிவிட்டேன்.

குழலின் அந்தக் கடைசியில் வட்டமாக ஒரு வெளிச்சம், அதற்குள் மூங்கிலில் கட்டிய பெயின்ட் டப்பா மூடி, அதன் வெள்ளைக்கு நடுவில் அண்ணி கரியால் வைத்த பொட்டு, பின்பக்கப் போல்ட்டை உருவிவிட்டால் ரைபிள் வெறும் குழாய்தான், மணல் மூட்டைமேல் அசையாமல் கிடக்கும் அதன் வழியே பார்க்கிறபோது மறையூர் மலை முழுவதும் மூடியளவு சுருங்கிவிடுகிறது, நான் பப்பாளித் தண்டுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற சிறுவனாகிவிடுகிறேன், அண்ணன் என்னைத் தோளில் தூக்கியிருக்கிறார், டேய் அந்தப் பாறைக்குக் கீழ பாரு, மிளா நிக்குது, கொம்பு தெரியலையா, குருட்டுப் பயலே, எனக்குப் புல்தான் தெரிகிறது, தெரியுதுண்ணே என்கிறேன், அண்ணன் சிரிக்கிற சிரிப்பில் நான் குலுங்குகிறேன், மலையும் குலுங்குகிறது. நாட்குறிப்பு எழுதப் பழக்கும் மாலை வகுப்பில் சார், பார்த்ததைத் தனியாகவும் நினைத்ததைத் தனியாகவும் எழுதச் சொல்கிறார், பிரித்துத்தான் பார்க்கிறேன், பிரிய மாட்டேன் என்கிறது.

பார்த்தது இது. போன வாரம், பயிரை அழிக்கிற பன்றியைச் சுடப் பஞ்சாயத்து அண்ணனுக்கு அனுமதித் தாள் கொடுத்தது, அண்ணன் சுட்டார், குண்டு காலில் பட்டது, பன்றி நொண்டிக்கொண்டே கரும்புக்குள் போய்விட்டது, அடிபட்ட பன்றி எதிரில் வருகிறவர்மேல்தான் பாயும், நாளைக் காலையில் கரும்பு வெட்டுக்கு ஆட்கள் இறங்குகிறார்கள், அவர்களுக்கு முன்னால் அண்ணன் துப்பாக்கியோடு இறங்க வேண்டும். டீக்கடையில் அண்ணனைக் கேட்டார்கள், என்ன குருநாதா, இப்பப் பன்னிக்கு நொண்டியடிக்கச் சொல்லிக் குடுக்கிறியாமே, அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, குறி இடது பக்கம் இழுக்குதுப்பா, துப்பாக்கி கோணிப்போச்சு என்றார், நான் நம்பினேன், குழலுக்குள் பார்க்காமலேயே முன்குறியைத் தட்டினேன், அதுவும் தப்பான பக்கம்.

பிறகுதான் முறையாகச் செய்தேன், பொட்டு வட்டத்தின் நடுவில் வரும்வரை மூட்டையைச் சரித்து, துப்பாக்கி அசையாமல் தலையை மட்டும் தூக்கிக் குறி வழியாகப் பார்த்தேன், குறி வேறெங்கோ நின்றது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தட்டினேன், குழலும் குறியும் ஒரே பொட்டைக் காட்டியபோது குனிந்து பார்த்தால், முன்குறி, நான் தட்டுவதற்கு முன் அது இருந்த இடத்தைக் காட்டும் பழைய கீறலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, அப்படியென்றால் முதலிலேயே அது சரியாகத்தான் இருந்தது, நான்தான் மறுபடியும் தப்பாகப் பார்க்கிறேனோ, இன்னொரு முறை பார்த்தேன், அதேதான்.

சுட்டுப் பாத்துருவோம் தம்பி என்றார் அண்ணி, லைசன்சில் அவர் பெயரும் உண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தார், மூன்று முறை மலை அதிர்ந்தது, குழல் ஆறட்டும் என்று போல்ட்டை உருவி வைத்தேன், அண்ணன் முதுகைக் காட்டிப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார், தீக்குச்சி பீடிக்குப் பக்கத்தில் காற்றில் கொஞ்ச நேரம் தேடியது, இதற்குமுன் எத்தனை நாள் அப்படித் தேடியிருக்கும், நான் ஏன் பார்க்கவில்லை.

அண்ணே, குறி சரியாத்தான் இருக்கு, நீங்களே குழலுக்குள்ள பாருங்க. அண்ணன் பீடியை ஓரமாக வைத்துவிட்டுக் குனிகிறார், வலது கண்ணை வைக்கிறார், வெகுநேரம் வைத்திருக்கிறார். மூடி தெரியுதாண்ணே. தெரியாம என்னடா, பொட்டு நல்லா நடுவுல நிக்குது. நிமிர்ந்து பார்த்தேன், அண்ணி வரப்பு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார், மூங்கிலிலிருந்து அவிழ்த்த மூடி அவர் கையில் இருந்தது, அதில் பொட்டைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவுக்குள் மூன்று ஓட்டை.

அண்ணன் சொன்னது காதில் விழுந்ததும் அண்ணி அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் இன்னும் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அந்த வட்டத்துக்குள் எனக்கென்றால் மூங்கில் தெரியும், அதன் கணு தெரியும், அண்ணனுக்கு அது சுற்றிலும் பால் ஊற்றி வைத்த மாதிரி இருந்திருக்கலாம், அந்தப் பாலுக்குள் அவராகவே ஒரு மூடியைக் கட்டி, அதில் ஒரு பொட்டும் வைத்து, எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணி மூடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். தம்பி, உடுமலைக்கு மொத பஸ்ஸு எப்ப. எதுக்குடி உடுமலை, நாளைக்குப் பன்னி இருக்குல்ல என்றார் அண்ணன். பன்னிய நான் பாத்துக்கறேன், நீங்க டாக்டரப் பாருங்க. அண்ணன் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். எத்தனை நாளாடி தெரியும் என்றுதான் கேட்டார். இப்பத்தாங்க என்றார் அண்ணி.

நாளை: விடிந்ததும் அண்ணி கரும்புக்குள் இறங்குகிறார், அவர் வெளியே வரும்வரை ஆட்களை வரப்பிலேயே நிறுத்திவைக்கக் கங்காணியிடம் சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸில் அண்ணனை உடுமலைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.