ஸ்ரீவில்லிபுத்தூரில் பிடித்த ரயில்

கௌதம்ராஜுக்குப் பதினெட்டு வயது நிறைந்த மறுநாள் காலை. அவனும் அம்மா நாகஜோதியும் இராஜபாளையம் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது மதுரை ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவன், தான் ஆண்தான் என்று பதினைந்து வயதில் அம்மாவிடம் சொன்னான். ஹார்மோன் ஊசி கேட்டு இருவரும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினெட்டு நிறையாமல் போட்டால் சட்டச் சிக்கல் வரும், அதுவரை கவுன்சிலிங் மட்டும்தான் என்றார் டாக்டர். குரல் மாறாமல், மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டா போட்டுப் பள்ளிக்குப் போய் அந்த வருஷங்களைத் தள்ளினான். அதற்குள் மனசு மாறிவிடும் என்று நம்பிய அப்பா சமுத்திரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்று கிளம்பியதையும் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வண்டியில் போனால் டாக்டரைப் பார்க்க முடியாது. பஸ்ஸுக்கு ஓடலாமென்று வெளியே வந்தால் வாசலில் சமுத்திரத்தின் லோடு ஆட்டோ நின்றது. பின்னால் பேண்டேஜ் கம்பெனிக்குப் போகவேண்டிய துணிக்கட்டுகள். மறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நாகஜோதி மகனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏலே, பின்னால ஏறு,” என்றார் அவர். “எதிர் வண்டிக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்ல செத்த நேரம் நிக்கும். பிடிச்சிரலாம்.”

அதுவரை அவர் வாயில் வந்ததெல்லாம் பெண்பிள்ளையைக் கூப்பிடும் ‘ஏட்டி’தான். கௌதம் துணிக்கட்டுகளின் மேல் தாவினான்.

மில் பஸ்களை முந்திக்கொண்டு ஆட்டோ பறந்தது. முகத்தில் காற்று அடிக்க அடிக்க அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முன்னால், எப்படி மனசு வந்தது என்று நாகஜோதி கேட்டாள்.

“நேத்து கேக் வெட்டையில அவன் மூஞ்சியப் பாத்தேன். அம்புட்டு சந்தோசத்த நான் பாத்ததே இல்ல. விடிஞ்சதும் மதுரைக்குத்தான் கெளம்புவீகன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு,” என்றார் சமுத்திரம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எதிர் வண்டி போய், சிக்னல் விழுந்திருந்தது. மூவரும் படியேறி ஓடினார்கள். வண்டி நகரும்போது இருவரையும் ஏற்றிவிட்ட சமுத்திரம் தானும் தொற்றிக்கொண்டார். லோடு சாயங்காலம் வரும் என்று முதலாளிக்கு அங்கிருந்தே போன் போட்டார்.

ஆஸ்பத்திரியில், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட சமுத்திரம் பேனாவை எடுத்தார். இனிமேல் அவரே போடலாம் என்று நர்ஸ் கௌதமைக் காட்டினாள். அவன் போட்டான். மத்தியானம் முதல் ஊசி விழுந்தது.

குரல் உடைய மாசக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் திரும்பும் ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் ஓயாமல் “ஹலோ, ஹலோ” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.