எடைக்கு எடை வெல்லம்

காலையில் எழுந்து பல் விளக்குகிறேன். அடுப்பு மூட்டிச் சாமைக் கஞ்சி வைக்கிறேன். சின்னப் பித்தளை டம்ளரில் பாதி ஊற்றி ஆற வைக்கிறேன். பாதிதான். அது ருக்குமணியின் அளவு. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறேன். வழியில் என் பெரியப்பா காளியண்ணன் வீடு. அதன் எதிரே நின்று காறித் துப்பிவிட்டுப் போகிறேன். தினமும்.

ருக்குமணி என் மனைவி. கல்யாணமான புதிதில் ஓடைக்கு இறங்கினால் ஏற முடியாது, அவ்வளவு பருமன். மூச்சு முட்டும். அமெரிக்காவில் படித்து வந்த மெட்ராஸ் டாக்டர் ஒருவர், குடலில் பெரும்பகுதியை ஒதுக்கித் தைத்து எடையைக் குறைத்தார். அது ஐம்பத்தொன்பதாம் வருஷம். மகள் உயிரோடு திரும்பினால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அவள் அம்மா மாதம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆடியில் ருக்குமணி கோயில் தராசில் உட்கார்ந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். ஊரே சந்தோஷப்பட்டது.

டாக்டர் அப்போதே சொல்லி அனுப்பினார்: "மிச்சக் குடல் நாளாக நாளாகப் பழகிக்கொள்ளும். எடை கொஞ்சம் திரும்பும். பயப்படாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, நன்றாக நடக்கட்டும். பட்டினி மட்டும் கூடவே கூடாது."

அறுபத்தாறாம் வருஷம் எடை கொஞ்சம் திரும்பியது. ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தாள். வேளைக்கு அரை டம்ளர் கஞ்சி, காலையும் மாலையும் ஓடைவரை நடை. அதற்குமேல் ஏறவில்லை. சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த ஆடியில், கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால் பெரியப்பா ஆரம்பித்தார்.

"சாமிக்கே எடையில கை வெச்சுட்டீங்களேடா கண்ணு. குண்டா இருக்கறப்ப வேண்டிட்டு, எளைச்சப்பறமா நிறுத்துக் குடுக்கறது? கொறைச்சதெல்லாம் திரும்பி வருது பாரு."

"அது குடல் பழகுனதுங்க பெரியப்பா. டாக்டர் அப்பவே சொன்னாருங்க."

"வேண்டுனது டாக்டர்கிட்டயா, சாமிகிட்டயா?"

சிரித்தார்கள். "இந்தவாட்டி தராசுச் சங்கிலி தாங்குமா?" என்றாள் ஒருத்தி.

மாதம்மாள் சிரிக்கவில்லை. பயந்துவிட்டாள். பரிகாரத்தையும் பெரியப்பாவே சொன்னார்: அம்மா வீட்டில் ஒரு மாதம் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும். பிறகு தராசில் உட்கார்ந்து, முதல் தடவை குறைத்த வெல்லத்தையும் சேர்த்துக் கொடுப்பது.

"கொன்னுருவீங்க" என்று கத்தினேன்.

"நீங்க படிச்சவங்க மாப்பிள்ளைங்க. எனக்கு எம்புள்ள உசுரோட வேணுங்க" என்றாள் மாதம்மாள்.

"ஊரே சிரிக்குதுங்க. ஒரு மாசந்தானுங்களே" என்றாள் ருக்குமணி.

நோன்பு இருக்கும் வீட்டில் புருஷன் கால் வைக்கக் கூடாதாம். போனேன். பெரியப்பாவின் மகன்கள் இரண்டு பேரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். மறுநாளும் போனேன். மறுநாளும் தள்ளினார்கள்.

அவர்களே கூப்பிட்டு அனுப்பியபோது அவளால் உட்கார முடியவில்லை. கழிச்சல் நிற்கவில்லை. எங்கள் ஊர் மலைமேல்; ரோடு கிடையாது. மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். பாதி வழியில் முடிந்துவிட்டது.

தராசுக்கென்று வாங்கிய வெல்லத்தைக் காரியத்தன்று பாயசத்தில் போட்டார்கள். பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். "சாமி கணக்கைத் தீத்துக்கிச்சு. மனசைத் தேத்திக்க கண்ணு" என்றார். என் இலையைச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்தேன். சாமி எதுவும் கேட்கவில்லை. கேட்டது அவர். சிரித்தது ஊர்க்காரர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோர் பிள்ளைகளுக்கும் நான்தான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்.

அன்று மலை இறங்கும்போது டோலியைத் தூக்கியவர்களில் ஒருவன், "காத்தைத் தூக்கற மாதிரி இருக்குதுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். அது அவளுக்குக் கேட்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் விரலைப் பிடித்தாள்.

"ஏனுங்க, சித்த எறக்கி வெக்கச் சொல்லுங்க. பாவம், நான் ரொம்பக் கனமா இருக்கறேன்."