ஒரு மேசை, மூன்று டப்பா

இன்றைக்குக் கைக்கடிகாரத்துக்குள்ளேயே மெமரியைக் கடலாக ஊற்றி வைக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிப் அப்படியா? உள்ளே ஓர் எறும்பு போய் உட்கார்ந்தால் அதன் நிழல் வெளியே நின்றுகொண்டிருக்கும்!

அந்தச் சிப்பில்தான் அக்கா அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி செய்திருந்தாள். பெரிய சிப் போட்டால் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். குரலைப் பெருக்குவது, பேட்டரியைப் பார்ப்பது, பொத்தானைக் கவனிப்பது என்று மூன்று வேலை. கருவி பேட்டரியைப் பார்க்கப் போனால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அம்மா பாதி வாக்கியத்துக்கு முழுசாகத் தலையாட்டுவாள்.

தம்பி புது நிரல்மொழி ஒன்றை வடிவமைக்கும் குழுவில் இருந்தான். பைட்டுக்குப் பைட் மிச்சம் பிடிப்பதால் அங்கே அவன் பெயர் சிக்கனம். எழுதிய நிரலைச் சரிபார்த்துச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் அந்தக் குழுவின் வேலைதான். பல வேலைகளை அறுபடாமல் ஓட்ட அந்த மொழிக்கு வழி செய்வது அவன் பொறுப்பு. "எங்க மொழி வரட்டும், அம்மாவுக்கு ஊசி விழுந்தாலும் கேக்கும்" என்று அக்காவிடம் மார்தட்டியிருந்தான்.

குழுத்தலைவி அதில் மண்ணைப் போட்டாள்.

"ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா மெமரியில இடம் ஒதுக்கணும். சின்ன சிப்புல ஏதுய்யா இடம்? இந்த வாரத்துக்குள்ள வழி சொல்லு சிக்கனம். இல்லேன்னா சின்ன சிப்புக்கு ஒரு கும்பிடு."

விடுமுறையன்று வீட்டில் அவன் மேசை நிறையக் காகிதத்தைப் பரப்பினான். மறுபாதியில் அக்கா கருவியைப் பிரித்துப் போட்டாள். துணிமூட்டையோடு அம்மா வந்து நின்றாள்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். என் முறை. டப்பா எங்கடா?"

அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதும் வீட்டில் ஒரே மேசைதான். அக்காவின் ரேடியோ, தம்பியின் கணக்கு, அம்மாவின் தையல் மூன்றும் அதிலேதான். எழுந்திருக்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடரத் தேவையானதை மட்டும் அவரவர் டப்பாவில் போட வேண்டும். மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒரு திருகாணி கிடந்தாலும் அம்மாவின் கை முதுகில் பேசும்.

காகிதத்தை அள்ளிய தம்பியின் கை அப்படியே நின்றது.

"அக்கா, நமக்கு ஏன் ஆளுக்கொரு மேசை வாங்கல?"

"மூணு மேசை போட்டிருந்தா நாம கூரை மேலதான் படுத்திருக்கணும்."

"டப்பா அளவு எப்படிம்மா பார்த்தே?" அம்மாவின் காதருகே கத்தினான்.

"அவங்கவங்க வேலைக்கு என்னென்ன வேணும்னு முன்னாடியே பார்த்துத்தான் வாங்கினேன். விரலுக்குத் தகுந்த வீக்கம்!"

மறுநாளே தலைவி முன் நின்றான். "மெமரியை எங்க வீட்டு மேசைன்னு வெச்சுக்குங்க. வேலைக்கொரு மேசை வேணாம், விட்ட இடத்தை எடுத்து வைக்க ஆளுக்கொரு டப்பா போதும். மேசை ஒண்ணுதான், எல்லாருக்கும் பொது. டப்பா அளவைக் கம்பைலரே முன்கூட்டிக் கணக்குப் போட்டுடும்."

"ஒருத்தன் எந்திரிக்கவே மாட்டேன்னு உட்கார்ந்துட்டா?"

"எந்தெந்த இடத்துல எந்திரிக்கணும்னு நிரல்லயே எழுதியிருக்கணும். இல்லேன்னா கம்பைலர் உள்ள விடாது. எங்க வீட்டுல அம்மா இருந்தாங்க, இங்க கம்பைலர்."

தலைவி சிரித்துவிட்டாள். சின்ன சிப் பிழைத்தது.

புது மொழியில் மறுபடி எழுதிய கருவியை அக்கா அம்மாவின் காதில் மாட்டினாள். பேட்டரியைப் பார்க்கும் நேரமும் வந்து போனது.

"அம்மா! முழுசா கேக்குதா?" வீதியே திரும்பிப் பார்க்கும்படி தம்பி கத்தினான்.

"ஏன்டா தொண்டை கிழியுது? நல்லாவே கேக்குது." அம்மா பெருமூச்சு விட்டாள். "பாதி கேட்டப்போ நீ புத்திசாலின்னு நினைச்சுட்டிருந்தேன்."