நூறு கிராம் பாக்கி

முள் ஆடி அடங்கும்வரை தராசுக்காரர் மூச்சை விடவில்லை. தட்டில் துண்டு, துண்டின்மேல் பேத்தி. மற்ற நாட்களில் எடை பார்ப்பதற்குள் தட்டையே கவிழ்க்கப் பார்ப்பாள். இன்றைக்குக் கையைக் காலை ஆட்டாமல் கிடந்தாள்.

"நாலு தொள்ளாயிரம்! ஒரே நாள்ல நூத்தி இருபது கிராம்!"

மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். தலை வாரி இரண்டு நாளாகியிருந்தது.

"நெசமாவாப்பா?"

"உங்கப்பன் தராசு பொய் சொல்லுமா?"

பிறந்து ஐந்து மாதம். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. ஐந்து கிலோ வரட்டும், ஆபரேஷன் செய்து அடைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. நாலு வாய் பால் உறிஞ்சினால் மூட்டை தூக்கினவன் மாதிரி குழந்தைக்கு வேர்த்துவிடும். ஒரு பாட்டில் முடிய ஒரு மணி நேரம். லாரி ஓட்டும் மருமகன் பத்து நாளைக்கொரு தடவை தலை காட்டுவான். ராத்திரியும் பகலும் மகள் தனியாகவே பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரித் தராசில் கிழவருக்கு நம்பிக்கையில்லை. நாற்பது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்த்தவர். எடைக்கல்லின் அடியைச் சுரண்டியவனையும் பார்த்திருக்கிறார், தட்டுக்கடியில் காந்தம் ஒட்டியவனையும் பார்த்திருக்கிறார். எண் ஓடுகிற தராசை எவன் நம்புவான்? முள் என்றால் கண்ணெதிரே நடந்துவந்து நிற்கும். பட்டறையிலிருந்து ஒரு வட்டத் தராசைக் கொண்டுவந்து, உள்ளே சுருள்வில்லை மாற்றி, தட்டில் துண்டை விரித்து, துண்டோடு சேர்த்தே முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். துண்டின் எடையைப் பேத்தியின் எடையாகக் காட்டி யாரை ஏமாற்றுவது? இருபது கிராம் ஏறினால் அன்றைக்கு அவர் ராஜா. பேத்தியை அவர் கூப்பிடுவதே 'கால்கிலோ' என்றுதான்.

"காலைல பாதிப் பால்கூடக் குடிக்கலப்பா" என்றாள் மகள். "இமையெல்லாம் வீங்கினாப்பல இருக்கு. பாதத்தப் பாரேன்."

கிழவர் பாதத்தை அழுத்தினார். மெத்தென்று இருந்தது. கட்டைவிரல் பதிந்த குழி மேலே வர நேரம் பிடித்தது.

"சதை வைக்குதுடி. எலும்பா இருந்தாலும் குத்தம், சதை வச்சாலும் குத்தமா?"

"எதுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாமா?"

"போனா என்ன பண்ணுவான்? எடையப் பாப்பான். நூறு கிராம் பாக்கி, அப்புறம் வான்னுவான். திங்கக்கிழம அஞ்சு கிலோவாக் கொண்டுபோய் அவன் மேஜைல வைப்போம். வாயத் தொறக்கட்டும் பாக்கலாம்."

மகள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கால்கிலோ சிரிக்கவில்லை.

மத்தியானம் உதடு நீலம் பாரித்தது. வண்டி பிடித்து ஓடினார்கள். மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மகளை உள்ளே குழந்தையோடு விட்டுவிட்டு டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். சின்ன வயசு.

"வீட்ல எடை பாத்தீங்களா பெரியவரே?"

"தெனமும் பாப்பேன். முந்தாநாள் நாலு அறுநூத்தி அறுவது. நேத்து நாலு எழுநூத்தி எண்பது. இன்னைக்கு நாலு தொள்ளாயிரம்."

ஒப்பிக்கும்போது குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

டாக்டரின் பேனா நின்றது. தராசில் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறான் என்று கிழவர் காத்திருந்தார்.

"உங்க தராசு சரியாத்தான் இருந்திருக்கு. ஆனா அது சதையில்ல, தண்ணி. இதயம் தளந்துபோனா உடம்புல தண்ணி சேரும். திடீர்னு எடை ஏறினா உடனே தூக்கிட்டு வரணும்னு நர்சம்மா சொல்லியிருப்பாங்களே?"

சொல்லியிருந்தாள். போன தடவை இங்கே எடை பார்த்த பிறகு, மகள் குழந்தைக்கு உடுப்பு மாட்டப் போயிருந்த நேரம். 'எங்கிட்டச் சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்' என்று இவரேதான் முன்னால் போய் நின்றார். நர்சம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரித் தராசின் தட்டைத் தூக்கி, அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே கொண்டாந்திருந்தா பொழச்சிருக்குமா?"

டாக்டர் யோசித்தார். "தெரியல பெரியவரே."

அளவு சொல்லாத பதில் கிழவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலையில் அடக்கம். மருமகன் லாரியை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தான். பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு நடந்தான்.

"ரொம்ப லேசா இருக்கு மாமா" என்றான்.

எவ்வளவு என்று கிழவருக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவர்கள் போய்விட்டார்கள். மருமகன் வாசலில் சுவர் பார்த்து உட்கார்ந்திருந்தான். மகள் தராசுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் துண்டு விரித்தபடியே கிடந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது.

"அப்பா."

"ம்."

"கடைசி ரெண்டு நாளும் நல்லா ஏறினா, இல்ல?"

கிழவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான் குடுத்த பாலு உடம்புல ஒட்டியிருக்கு. வீணாப் போகல."

அவர் வாயைத் திறந்தார். நாற்பது வருஷத்தில் எந்தக் கடைக்காரன் முகத்துக்காகவும் ஒரு கிராம் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள அஞ்சு வந்திருக்குமாப்பா?"

"வந்திருக்கும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். எழுந்து வந்து துண்டை எடுத்து நாலாக மடித்தாள். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெறும் தட்டு மேலே எழும்பியது. முள் பூஜ்யத்துக்குக் கீழே, துண்டின் எடை அளவுக்கு இறங்கி நின்றது. கிழவரின் கை பழக்கத்தில் தராசின் பின்னால், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் திருகைத் தேடிப் போனது. விரல் அதைத் தொட்டது. திருகவில்லை.