கடல் பக்கத்து மூலை

ஊர்க்கூட்டம் கூடும் கொட்டகையான எங்கள் மனேயாபாவில் வடக்கிலிருந்து மூன்றாவது தூணடி எங்கள் குடும்பத்தின் இடம். கூரை எத்தனையோ முறை மாறியிருக்கிறது, தூணும் மாறியிருக்கிறது, இடம் மாறியதில்லை. கூட்டத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே எந்த நிலம் யாருடையது, முன்னால் வந்தவர் யார், பின்னால் வந்தவர் யார் எல்லாம் விளங்கிவிடும். குடும்பத்துக்காகப் பேசுகிறவர் முன்னால் இருப்பார், மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால்.

அன்று காலை எங்கள் இடத்தில் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் இயோத்தெபா. என் தம்பி தெபுரே அவனுக்குப் பின்னால்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெற்குத் தீவில் மழை பொய்த்தபோது இயோத்தெபாவின் அப்பன் இந்தப் பொடியனைத் தூக்கிக்கொண்டு படகில் வந்தான். விருந்தாளிகளுக்கென்று தெற்குக் கோடியில் இடம் இருக்க, எங்கள் அப்பாதான் "எங்களோட உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பார்கள். இவன் கேட்கக்கூட இல்லை, விரித்தே விட்டான்.

அதுவும் எந்த நாளில்! தலைநகர் தாராவாவிலிருந்து ஒரு அதிகாரிப் பெண் ஊரின் படத்தையும் சரித்திரத்தையும் எழுத வந்திருந்தாள். காயல் கரையிலிருந்து கடல் கரை வரை ஒவ்வொரு நிலத்துண்டும், நடுவில் இருக்கும் பபாய்க் கிழங்குப் பள்ளமும் யார் பெயரில் ஏறுகிறதோ, அவருக்கே சொந்தம்; இனி நில வழக்கில் அந்தக் காகிதம்தான் பேசும்.

"முன்னால போய் உக்காருடா," என்றேன் தம்பியிடம்.

"விடுக்கா. அவன் நல்லாப் பேசுவான்."

"அவன் நல்லாப் பேசுறதுதான்டா வினை."

"அப்பா எனக்குச் சொன்ன கதையத்தான் அவனுக்கும் சொல்லியிருக்காரு. ஒரு வரி குறையல. அப்போ அவனும் நமக்குத் தம்பிதானே?"

கள் உள்ளே போனால் தெபுரேயின் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. கள் இல்லாதபோது மூளைக்கும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இயோத்தெபா ஆரம்பித்தான். "எங்க முப்பாட்டன் பஞ்சத்துல அந்தப் பள்ளத்தத் தோண்டினாரு. நல்ல தண்ணி வந்ததும் அடையாளத்துக்கு மூணு பெருஞ்சிப்பியக் காயல் பக்கத்து மூலையில புதைச்சாரு."

எங்க முப்பாட்டனாம். அதிகாரி எழுதினாள், தெபுரே தலையாட்டினான்.

குடும்பக் கதையை வெளியாளிடம் சொல்லும்போது ஒரு இடத்தைத் தப்பாகச் சொல்வது எங்களிடம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். திருடினால் அந்த இடத்தில் அகப்படுவான். இயோத்தெபாவின் தீவிலும் இதே வழக்கம்தான். ஆனாலும் தனக்குச் சொன்னது மட்டும் முழுக்கதை என்று நம்பியிருக்கிறான் மடையன்.

"எந்த மூலை? இன்னொரு தடவ சொல்லு," என்றேன். பொம்பளை நடுவில் பேசுகிறாளே என்று கிழவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

"காயல் பக்கம்."

"நல்லா எழுதிக்கம்மா. இப்ப எல்லாரும் எந்திரிச்சுப் பள்ளத்துக்கு வாங்க."

ஊரே வந்தது. இயோத்தெபா காயல் பக்கத்து மூலையில் இறங்கித் தோண்டினான். யாரும் கூப்பிடாமல் தெபுரேயும் குதித்து அவனோடு சேற்றை வாரினான். எங்கள் சோற்றில் மண் போடுகிறவனுக்கு இவன் மண்வெட்டி பிடிக்கிறான். இடுப்பளவு தோண்டியும் ஒன்றும் இல்லை.

"கரைஞ்சு போயிருக்கும்," என்றான் இயோத்தெபா.

"கரையறதுக்கு அது என்ன சர்க்கரையா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அப்பா எனக்குச் சொல்லியிருந்த கடல் பக்கத்து மூலையில் நான் இறங்கினேன். முழங்கை மறையும் ஆழத்தில் விரல் இடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று சிப்பிகளையும் இயோத்தெபாவின் காலடியில் எறிந்தேன்.

"எடுத்துட்டுப் போ. உங்க முப்பாட்டன் சொத்தாச்சே."

ஊர் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு தென்னைகளுக்குள் போனான். அதிகாரி வரியை அடித்துவிட்டு, "அப்போ தெபுரே பேரை எழுதட்டுமா?" என்றாள்.

தெபுரே சேற்றிலேயே நின்றான்.

"எனக்கும் காயல் பக்கம்னுதான்க்கா சொன்னாரு."

நான் பள்ளத்திலிருந்து கரையேறினேன்.

"ரெண்டு நாள் சாகக் கிடந்தாரு. கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. காயல் பக்கம்னு."

"நீ குடிச்சுட்டு உளறிருவேன்னு..."

"எனக்குத் தப்பாச் சொன்னாருன்னு உனக்குத் தெரியுமா?"

அதுவரை தெரியாது. ஆனால் அதை அவன் நம்பமாட்டான் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. செத்துப்போன மனிதர் மேல் வந்த கோபத்தை நான் எங்கே போய்க் கொட்டுவது? வந்தவனுக்குப் பின்னிய வலையில் பெற்ற பிள்ளையையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அக்கா பேரை எழுதுங்க," என்றான் தெபுரே அதிகாரியிடம்.

மறுபடியும் மனேயாபாவில் கூடினோம். தெபுரே கால் கழுவிவிட்டு உள்ளே வந்தான். எங்கள் தூணைத் தாண்டி நடந்து, தெற்குக் கோடியில் விருந்தாளிகள் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"டேய், இங்க வாடா," என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி என்னைப் பேசச் சொன்னாள். மூன்றாவது தூணடியில், முன்னால், நான் உட்கார்ந்தேன். பின்னால் யாரும் இல்லை.