உபயம் ஒட்டிய சர்வர்

இதனால் அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பொதுமக்களுக்கும், இணையத்தால் இணைந்த பூவுலகின் ஏனைய குடிகளுக்கும் பணிவன்புடன் அறிவிப்பது யாதெனில்: கட்டற்ற மென்பொருள் என்னும் அறிவுப் பெருங்கடலை, கல்வி வள்ளல், சுண்ணாம்புக்கல் லாரி உரிமையாளர்களின் நிரந்தரத் தலைவர், உயர்திரு பஞ்சநாதன் அவர்கள் தமது பொற்கரத்தால் பொத்தானை அமுக்கித் தொடங்கி வைப்பார்.

அமுக்கினார். சர்வர் அணைந்துபோனது.

அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதை அந்தக் கூட்டத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் ஆனி ரோஸ். ஆனால் திறப்பு விழா என்றால் எதையாவது வெட்ட வேண்டும், ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அமுக்க வேண்டும். ஓடுகிற ஒன்றைச் சும்மா பார்த்துவிட்டு டீ குடித்துப் போவதற்கா பொன்னாடையோடு வருகிறார்கள்? கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் பஜ்ஜித் தட்டுப் பக்கம் நகர்ந்த பிறகு, அவள் போய் மறுபடி பொத்தானை அமுக்கினாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

ஆனி ரோஸ் வரதராஜன்பேட்டைக்காரி. அரியலூருக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை தன் ஆபீஸில் பழைய சர்வர்களைக் கழித்துக் கட்டியபோது, பஞ்சநாதன் அவற்றைக் காயலான் கடை சாமானாக மொத்தமாக எடுத்தார். அதில் ஒன்றைப் பாலிடெக்னிக்குக்குக் கொடுத்தார். இப்படிக் கழிக்கிற பெட்டிகளில் டிஸ்க் இருக்காது. உள்ளே கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் இருக்குமே, கழற்றிக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஆகவே டிஸ்க் இரண்டை ஆனி ரோஸும் அவளுடைய கட்டற்ற மென்பொருள் நண்பர்களும் வாங்கிப் போட்டார்கள். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றட்டும் என்று இரண்டிலும் ஒரே சரக்கு.

யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும் கூடிய தமிழ் மென்பொருள்கள் அதில் குடியிருந்தன. எழுத்துருக்கள், விசைப்பலகை, பிழைதிருத்தி. எல்லாவற்றுக்கும் மேலே, கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு குரல். அந்தக் குரலைச் செய்கிறவர்களில் முக்கியமானவள் திருமழபாடி ஜோதி. அவளுக்கும் கண் தெரியாது. வங்கி வேலை போக மீதி நேரமெல்லாம் அதற்குத்தான்.

குரலில் ஒரு கோளாறு இருந்தது. எந்தப் புள்ளியைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. 'திரு. பஞ்சநாதன்' என்று எழுதியிருந்தால் 'திரு புள்ளி பஞ்சநாதன்' என்று படிக்கும். இது ஒன்றும் பெரிய அநியாயமில்லை. ஆனால் கணக்குப் பாடத்தில் தசமப் புள்ளியை விழுங்கிவிட்டு, வேண்டாத இடத்திலெல்லாம் புள்ளி வைத்தால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஜோதி திருத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியாக வேண்டும். அடுத்த வாரம் பரீட்சை. சர்வர் நின்றால் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய உளறல்தான்.

புதன்கிழமை சர்வர் நின்றது.

ஆனி ரோஸ் ஓடிப் போய்ப் பார்த்தாள். பெட்டியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சநாதனின் முகம் இருந்தது. கும்பிட்ட கை, தங்கச் சங்கிலி, கீழே சிவப்பு எழுத்தில் 'உபயம்'. முன்பக்கம் முழுக்க மறைக்கிற பளபளப்பான ஸ்டிக்கர்.

கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி, கடைசியில் சாமியே தடவிப் பார்த்து உட்கார வேண்டிய நிலைமை வருவது நமக்குப் பழக்கம்தான். டியூப் லைட்டாவது கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். சர்வருக்கு முன்பக்கத்துச் சல்லடைதான் மூக்கு. அதை அடைத்தால் உள்ளே சூடு ஏறி, விசிறியெல்லாம் பச்சைமலை ஏறும் லாரி மாதிரி கத்தி, கடைசியில் தானே அணைந்துகொள்ளும். பஞ்சநாதன் உபயம் செய்த பொருள்களில் இப்படி எதிர்ப்புக் காட்டியது இது ஒன்றுதான். பிணம் வைக்கிற குளிர்பெட்டியில்கூட அவர் பெயர் இருக்கிறது. உள்ளே படுத்தவர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஜோதி போனில் வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அதுல யாரு படம் இருந்தா என்னாக்கா, எனக்குத் தெரியவா போவுது? கிழிச்சு எறிங்க," என்றாள்.

கிழித்தாள். சர்வர் மூச்சு விட்டது.

மறுநாள் காலையில் புது ஸ்டிக்கர் இருந்தது. அச்சடித்தவன் ஒரு கட்டாகவே கொடுத்திருந்தான் போலிருக்கிறது. ஒட்டச் சொன்னது பாலிடெக்னிக் முதல்வர் அறிவரசன். நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வு பெற வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவர். ஆனி ரோஸ் போய் நின்றதும் வெகுநேரம் யோசித்து ஒரு சமரசம் கண்டுபிடித்தார்.

"மேடம், போட்டோவுல மூக்கு இருக்குல்ல. அந்தத் தொவாரத்துல ரெண்டு ஓட்டை போட்டுட்டா? அவருக்கும் தெரியாது, மிஷினுக்கும் காத்து போவும்."

"அவரு மூக்கு வழியா சர்வரு மூச்சு விடணும்ங்கிறீங்களா சார்?"

அவர் அதைத்தான் சொன்னார். ஆனால் திரும்பச் சொல்லிக் கேட்டபோது அவருக்கே அது நன்றாக இல்லை.

ஆனி ரோஸ் அந்த ஸ்டிக்கரையும் கிழித்தாள். முதல்வர் பார்க்கவே கிழித்தாள். விஷயம் மதியத்துக்குள் பஞ்சநாதனுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை அவரே வந்தார், பின்னால் இரண்டு ஆட்களோடு. கிழிந்த தன் முகத்தின் ஒரு காது மட்டும் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீச்சர், பஸ் ஸ்டாண்டுல தண்ணி டேங்கு வச்சிருக்கேன். பெருசா பேரு எழுதியிருக்கு. அதனால தண்ணி வராம போச்சா?"

"தண்ணி வராம போயி ரொம்ப நாளாச்சுங்கய்யா. பேரு மட்டும்தான் இருக்கு."

பின்னால் நின்ற ஆள் ஒருவன் இருமினான். முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனி ரோஸ் சூட்டைப் பற்றி, காற்றைப் பற்றி, பரீட்சைப் பிள்ளைகளைப் பற்றி எடுத்துச் சொன்னாள். பக்கத்துச் சுவரில் வேண்டுமானால் ஆளுயரத்துக்குப் பெயர் எழுதிக்கொள்ளலாம், தானே நின்று எழுத வைக்கிறேன் என்றாள். பஞ்சநாதன் கேட்டுக்கொண்டார். சுவர் அவர் கொடுத்ததில்லை. அவர் கொடுத்தது பெட்டி.

"எம் பேரு இல்லாத எடத்துல எஞ் சாமான் இருக்காது, டீச்சர்."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

அவர் எதிர்பார்த்து வந்தது கெஞ்சலை. மன்னிப்புக் கேட்பார்கள், பெரிய மனதோடு மன்னித்துவிட்டு இன்னும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று அதையும் சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"மேடம், மேல இருந்து மெமோ வரும்," என்றார் முதல்வர், யாருக்கும் கேட்காதபடி.

"வரட்டும் சார். வெறுஞ் செவுரு நெறையக் கெடக்கு, ஒட்டிருங்க."

ஒழுங்காக நிறுத்திவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, ஆனி ரோஸ் சர்வரை நிறுத்தினாள். பிறகு முன்பக்கம் விரலை விட்டு, செபப் புத்தகம் அளவில் இருந்த இரண்டு டிஸ்க்கையும் உருவினாள்.

"அது என்னாது?" என்றார் பஞ்சநாதன்.

"டிஸ்க்குங்கய்யா. இது நாங்க வாங்கிப் போட்டது. ஒங்க பெட்டி ஒங்களுக்கு."

பஞ்சநாதன் அந்தச் சின்னச் சாமானையும் இந்தப் பெரிய பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எது கனம் என்பது கண்ணுக்கே தெரிந்தது.

"வச்சுக்குங்க, வச்சுக்குங்க," என்றார், வள்ளல் குரலில்.

இரண்டையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்தாள் ஆனி ரோஸ். பொட்டலத்தை மேலே போடச் சொன்ன கண்டக்டரை அவள் பார்த்த பார்வையில் அவர் சில்லறையைச் சரியாகக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். பெரம்பலூரில் ஹேமலதா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆனி ரோஸோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். கடை மூலையில் யாரும் தொடாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதன் மூடியைக் கழற்றி, டிஸ்க்குகளை மாட்டி, எதிரே ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். ஹேமலதா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஆனி, எம் பேரு கீரு எங்கயும் போட்டுறாதடி. அப்பறம் ஊர்ல ஒருத்தன் விடாம ஓசில ஜெராக்ஸ் கேப்பான்."

இணையத்தில் சர்வரின் பெயர் பழையதேதான்; அந்தப் பெயர் போய்ச் சேருகிற விலாசத்தை மட்டும் பெரம்பலூருக்கு மாற்றினாள். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது, ஆனாலும் ஓடியது. சாயங்காலம் காபி நேரத்துக்குள் ஜோதியின் புதிய பதிப்பு வெளியானது. இறக்கிப் பார்த்த ஜோதி போன் செய்தாள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜெராக்ஸ் கடை என்றதும் சிரித்தாள்.

"லேமினேஷனும் பண்ணிக் குடுப்பாங்களாக்கா?"

பிறகு போனைக் கம்ப்யூட்டர் பக்கம் பிடித்துப் புதுக் குரலைக் கேட்க வைத்தாள். சோதனைக்கு அவள் என்ன எழுதிப் போட்டிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 'திரு பஞ்சநாதன்' என்று அது தெளிவாக, புள்ளி இல்லாமல், கொஞ்சமும் மரியாதை இல்லாமல் படித்தது.

மெமோ வந்தது. முதல்வர் அதை ஒட்டவில்லை, கையிலேயே கொடுத்துவிட்டார். ஆனி ரோஸ் பதில் எழுதவில்லை.

பஞ்சநாதனின் லாரி ஆபீஸில் இப்போது அந்தப் பெட்டி ஒரு ஸ்டூல் மேல் இருக்கிறது. முன்பக்கம் புதிய, பெரிய ஸ்டிக்கர்; அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முழம் மல்லிகை. லோடு கேட்டு வருகிறவர்களிடம் அவர் அதைக் காட்டி, உலகம் பூராவும் தமிழ் சாஃப்ட்வேர் இங்கேயிருந்துதான் போகிறது, சத்தமே வராது பாருங்கள் என்கிறார்.

அதற்குப் பிளக் சொருகவில்லை.